தையலைப் பசை போட்டு ஒட்டாதீர்கள்!

தையல் வகுப்பில் சேர்ந்தாலும் சரி, ஃபேஷன் டிசைனிங் டிப்ளமோவில் சேர்ந்தாலும் சரி, கல்லூரியில் மனையியல் எடுத்தாலும் சரி, ஒரு மாணவியின் தலையில் முதலில் கட்டப்படுவது ரெக்கார்டு நோட்டுதான். இடது பக்கத்தில் பென்சிலால் தையலின் படம். வலது பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி. அதில் அழகாக ஒரு வரிசை சங்கிலித் தையல். துணியின் நான்கு ஓரத்தையும் ஜிக்ஜாக் கத்தரியால் வெட்டி, பசை தடவி, சுருக்கம் விழாமல் ஒட்ட வேண்டும். அடியில் 'செயின் ஸ்டிட்ச்' என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுத வேண்டும். ஆசிரியை கையெழுத்துப் போடுவார். பரீட்சைக்கு வருபவர் பக்கங்களைப் புரட்டுவார், மதிப்பெண் போடுவார். அதோடு அந்த நோட்டின் ஆயுள் முடிந்தது. பிறகு பரண். அதற்கும் பிறகு பழைய பேப்பர் கடை.

இரண்டு வருடம் கழித்து அதே பெண்ணிடம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு குழந்தைச் சட்டையைக் கொடுத்து, "கழுத்தைச் சுத்தி ஏதாவது பூ வேலை செஞ்சு குடும்மா" என்று கேட்டால் என்ன நடக்கிறது? அந்த நோட்டைத் தேடி எடுப்பவர் மிக அரிது. கை செல்போனுக்குத்தான் போகிறது. நாற்பது தையல் போட்டுக் காட்டி மதிப்பெண் வாங்கிய கை, வளைந்த கழுத்தில் எந்தத் தையல் நிற்கும், எத்தனை இழை எடுக்க வேண்டும், துவைத்தால் சாயம் போகுமா என்று தெரியாமல் திகைக்கிறது.

குற்றம் அந்தப் பெண்ணுடையது அல்ல. அவள் செய்த நோட்டு அவளுக்காகச் செய்யப்பட்டதே அல்ல. அது பரீட்சைக்கு வருபவருக்காகச் செய்யப்பட்டது. தனக்கென்று ஒரு மாதிரித் துணியை, தான் மறுபடி எடுத்துப் பார்ப்பதற்கென்றே செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் நிலைமை வேறாக இருக்கும். இது ஒன்றும் புதிய யோசனை இல்லை. ஐந்நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழைய பழக்கம். அதைப் பாழாக்கியதே பள்ளிக்கூடமும் பரீட்சையும்தான்.

சாம்ப்ளர் எதற்காகப் பிறந்தது?

ஆங்கிலத்தில் இந்தத் துணிக்கு 'சாம்ப்ளர்' என்று பெயர். 'எக்ஸெம்ப்ளம்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாதிரி, எடுத்துக்காட்டு என்று பொருள். இங்கிலாந்தின் அரசர் ஏழாம் ஹென்றியின் மனைவி, யார்க் எலிசபெத். அவருடைய செலவுக் கணக்கில் 1502ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு செலவு எழுதப்பட்டிருக்கிறது: அரசிக்குச் சாம்ப்ளர் செய்ய ஓர் 'எல்' அளவு லினன் துணி, விலை எட்டு பென்ஸ். ஓர் 'எல்' என்பது 45 அங்குலம். அரசியின் வீட்டிலேயே அது கணக்கு வைத்து வாங்கும் வேலைப் பொருளாக இருந்திருக்கிறது.

காரணம் எளிது. அச்சிட்ட பூவேலை மாதிரிப் புத்தகங்கள் ஐரோப்பாவில் 1520களில்தான் ஜெர்மன் நகரங்களிலிருந்து வர ஆரம்பித்தன. அதற்கு முன்பு ஒரு பெண் வேறொருத்தியின் சட்டைக் கையில் ஒரு நல்ல கரை வேலையைப் பார்த்தால், அதை நினைவில் வைத்துக்கொள்ள ஒரே வழி தன் துணியில் ஒரு துண்டு போட்டுப் பார்ப்பதுதான். முழுப் பூவும் போட வேண்டியதில்லை. பாதிப் பூ போட்டாலே மீதி தெரிந்துவிடும். அடுத்த மாதம் இன்னொரு வீட்டில் இன்னொரு வேலை கண்ணில் பட்டால், பக்கத்தில் இடம் இருந்தால் அங்கே. இப்படி ஒழுங்கில்லாமல், நெருக்கியடித்து, வருடக்கணக்கில் வளர்ந்த துணிகள் அவை. மேசை விரிப்பாகவோ சுவரில் மாட்டவோ யாரும் அவற்றைச் செய்யவில்லை. சுருட்டிப் பெட்டியில் வைத்து, தேவைப்படும்போது விரித்துப் பார்த்தார்கள்.

தேதி குறித்த ஆங்கிலச் சாம்ப்ளர்களில் கிடைத்திருப்பவற்றுள் மிகப் பழையது 1598ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஜேன் பாஸ்டாக் என்பவர் செய்தது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596ஆம் ஆண்டு பிறந்ததை அதில் எழுத்தாகவே தைத்திருக்கிறார். எழுத்துகள், மிருகங்கள், செடிகள், கீழே வரிசை வரிசையாகக் கட்டக் கோலங்கள். அந்தத் துணியில் சில உருவங்களைப் போட்டுவிட்டுப் பிரித்தும் இருக்கிறார். ஊசி போன தடம் நானூறு வருடம் கழித்தும் தெரிகிறது. இன்றைய ரெக்கார்டு நோட்டில் இப்படி ஒரு தடம் இருந்தால் மதிப்பெண் குறைந்திருக்கும்!

17ஆம் நூற்றாண்டில் இந்தத் துணி நீளமாக, ஒடுக்கமாக மாறியது. ஒரு சாண் அகலம், முழக்கணக்கில் நீளம். அதில் பட்டை பட்டையாக ஒவ்வொரு வேலை. அப்போதே இது சிறுமிகளின் பயிற்சித் துணியாகவும் ஆகத் தொடங்கிவிட்டது. ஆனாலும் ஒரே துணியில் பலவகைத் தையல்கள், வெள்ளையில் வெள்ளை வேலை, நூலை உருவிச் செய்யும் வேலை என்று பயன்படும் சரக்கு நிறைய இருந்தது.

பள்ளிக்கூடம் செய்த வேலை

18ஆம் நூற்றாண்டில் சாம்ப்ளர் சதுரமானது. சுற்றிலும் ஒரு பூக்கரை வந்தது. நடுவில் எழுத்துகள், எண்கள், பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ஒரு செய்யுள், கீழே சிறுமியின் பெயரும் வயதும். செய்து முடித்ததும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். பெண் பொறுமைசாலி, அடக்கமானவள் என்பதற்கு வீட்டுக்கு வருகிறவர்கள் பார்க்கும் சான்றிதழ் அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தையல்களுக்கு என்ன ஆயிற்று என்பது. எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. கடைசியில் பெரும்பாலும் குறுக்குத் தையல் என்னும் கிராஸ் ஸ்டிட்ச் ஒன்றே மிஞ்சியது. அந்தத் தையலுக்கே 'சாம்ப்ளர் தையல்' என்று பெயர் வரும் அளவுக்கு! பல தையல்களை நினைவு வைக்கப் பிறந்த துணி, ஒரே தையலைத் திரும்பத் திரும்பப் போடும் துணியாகிவிட்டது. பார்க்க முன்பைவிட அழகாக இருந்தது. பயன் குறைந்துவிட்டது.

ஏழைச் சிறுமிகளுக்கு இதில் வேறொரு சுமை. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்பு, துண்டு, மேசைத் துணி எல்லாவற்றிலும் வீட்டுக்காரரின் முதலெழுத்தையும் எண்ணையும் சிவப்பு நூலால் தைத்து அடையாளம் போடுவார்கள். வேலைக்காரப் பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து அநாதை இல்லச் சிறுமிகள் 19ஆம் நூற்றாண்டில் செய்த சாம்ப்ளர்கள் இன்று ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. வெள்ளைத் துணி முழுக்கச் சிவப்பு நூலில் பொடிப் பொடியாக எழுத்துகள், எண்கள், கரைகள். அவற்றின் நோக்கம், 'இந்தப் பெண் வீட்டு வேலைக்குத் தயார்' என்று காட்டுவது. துணி அவள் கையால் ஆனது, ஆனால் அதைப் படிக்கப் போகிறவர் அவளுடைய எஜமானி.

1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த கல்வி விதிகள், அரசு மானியத்தைப் பரீட்சை முடிவோடு கட்டிப்போட்டன. பெண் குழந்தைகளுக்குச் சாதாரணத் தையலும் கட்டாயமானது. தையல் என்பது வந்து பார்த்துவிட்டுப் போகும் ஆய்வாளருக்குக் காட்ட வேண்டிய பொருளாக ஆனதில் ஆச்சரியம் இல்லை. அயர்லாந்துப் பள்ளிகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே சிறு சிறு துணித் துண்டுகளில் தையல் மாதிரிகளும், பொம்மை அளவு சட்டைகளும் செய்து ஒரு நோட்டின் பக்கங்களில் இணைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. ரெக்கார்டு நோட்டு பார்த்தவர்களுக்கு இது எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளும் ஒருத்தி துணியைத் தனதாக்கிக்கொண்டாள். சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர். 1813ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை கூலித் தொழிலாளி. சிறு வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டார். 1830ஆம் ஆண்டுவாக்கில் அவர் செய்த துணியில் பூக்கரை இல்லை, நீதிச் செய்யுள் இல்லை. சிவப்புக் குறுக்குத் தையலில் தன் கதையையே எழுதியிருக்கிறார். வேலைக்குப் போன வீட்டில் பட்ட கொடுமை, சாக நினைத்தது, அதற்கான குற்ற உணர்ச்சி. கடைசி வாக்கியம் முடியாமல் பாதியில் நிற்கிறது. எஜமானரின் துண்டுக்கு அடையாளம் போடக் கற்றுக்கொடுத்த அதே தையலில் தன் வாழ்க்கையை எழுதிவிட்டார். இதுவும் இன்று அதே லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான அழகான சாம்ப்ளர்களுக்கு நடுவே இந்த ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

ஒட்டினால் பாதிப் பாடம் போச்சு

தமிழ்நாட்டுக்கு இந்தப் பள்ளிக்கூடத் தையல் பெருமளவு மிஷனரிப் பள்ளிகள் வழியாக வந்தது. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் 1820களிலேயே பெண்களுக்கான பள்ளியில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அதனால் ஏழைப் பெண்கள் கையில் காசு புழங்கியது என்பது பெரிய விஷயம், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்கூடத் தையலோடு கூடவே பரீட்சையும், 'பார்ப்பவருக்காகச் செய்' என்ற பழக்கமும் வந்து சேர்ந்தன. ரெக்கார்டு நோட்டு அந்தப் பழக்கத்தின் கடைசி வாரிசு.

நோட்டில் ஒட்டுவதில் உள்ள பெரிய கோளாறு, பின்பக்கம் மறைந்துவிடுகிறது என்பது. தையலில் பாதி அறிவு பின்பக்கத்தில்தான் இருக்கிறது. சில உதாரணங்கள்:

ஹெர்ரிங்போன் தையலை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் பார்த்தால் ஒன்றையொன்று வெட்டும் சாய்ந்த கோடுகள். திருப்பிப் பார்த்தால் இரண்டு வரிசைச் சிறு தையல்கள், ஓடிக்கொண்டே போகும். வரிசையைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டால் பின்பக்கம் இரண்டு வரிசைப் பின் தையலாகிவிடும். இதை மெல்லிய வாயில் துணியில் தலைகீழாகச் செய்தால் அதுதான் 'ஷேடோ ஒர்க்'. சிக்கன் வேலையில் துணிக்கு அடியில் நூல் நிழலாடுகிறதே, அதுவேதான். ரெக்கார்டு நோட்டில் ஹெர்ரிங்போன் ஒரு பக்கம், ஷேடோ ஒர்க் வேறொரு பக்கம். இரண்டும் ஒரே தையலின் இரு முகம் என்பது, துணியைத் திருப்பிப் பார்த்த யாருக்கும் அரை நொடியில் புரியும். ஒட்டிவிட்டால் புரியவே புரியாது.

சாட்டின் தையலில் முன்னால் எவ்வளவு நூலோ, பின்னாலும் ஏறக்குறைய அவ்வளவு நூல். காம்புத் தையலில் பின்னால் சின்னச் சின்னப் பின் தையல் வரிசைதான். எந்த வேலைக்கு எத்தனை நூல்கண்டு வாங்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவருக்கு இது தெரியாமல் முடியாது. குழந்தைச் சட்டையில் பிரெஞ்சு முடிச்சுகளைத் தள்ளித் தள்ளிப் போட்டால், பின்னால் நூல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி நீளமாகக் கிடக்கும். குழந்தையின் விரல் அதில் மாட்டும். நோட்டைத் திருத்துபவரின் விரல் மாட்டாது, ஏனென்றால் அங்கே பசை இருக்கிறது.

இன்னொரு கோளாறு, நோட்டில் எல்லாத் தையலும் நேர்கோட்டில் போகின்றன. உண்மையான துணியில் நேர்கோடு எங்கே இருக்கிறது? கழுத்து வளைவு, கை வளைவு, இலையின் நுனி, முந்தானையின் மூலை. சங்கிலித் தையல் வளைவில் சுகமாகத் திரும்பும். சாட்டின் தையல் வளைவில் உள்பக்கம் நெருங்கி, வெளிப்பக்கம் விரிந்து பல்லிளிக்கும். இதையெல்லாம் நேர்கோடு சொல்லித் தராது.

மூன்றாவது கோளாறுதான் மிக மோசமானது. நோட்டில் தவறுக்கு இடமே இல்லை. சரியாக வராத துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, சரியாக வந்ததை மட்டும் ஒட்ட வேண்டும். நேரம் இல்லாவிட்டால் காசு கொடுத்து வேறொருவரிடம் செய்து வாங்கி ஒட்டுவதும் நடக்கிறது. எல்லாரும் அறிந்த ரகசியம். யார் செய்தாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருளை அப்படி வாங்குவதில் என்ன ஆச்சரியம்?

"எல்லாம் வீடியோவில் இருக்கிறதே?"

இது நியாயமான கேள்வி. ஊசி எங்கே நுழைந்து எங்கே வெளிவருகிறது, இடது கைக் கட்டைவிரல் நூலை எப்படிப் பிடிக்கிறது என்பதைப் புத்தகத்தால் அவ்வளவு தெளிவாகக் காட்ட முடியாது, வீடியோவால் முடியும். மேரி தாமஸ் 1934ஆம் ஆண்டு வெளியிட்ட பூவேலைத் தையல் அகராதியில் முந்நூறுக்கு மேற்பட்ட தையல்கள் படத்தோடு இருக்கின்றன. அதை வைத்துக்கொண்டு தடுமாறியவர்கள் பலர், வீடியோ பார்த்து ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார்கள். அதில் தகராறு இல்லை.

ஆனால் கற்றுக்கொள்வது வேறு, கைவசம் வைத்துக்கொள்வது வேறு. வீடியோவில் இருப்பது வேறொருவரின் கை, வேறொரு நூல், வேறொரு துணி. அவர் மூன்று இழையில் போட்டது இந்தக் காடாத் துணியில் எப்படி உட்காரும்? அவர் மெதுவாக இழுக்கிறார், இவர் இறுக்கி இழுப்பவர், துணி சுருங்குமா? இதற்கு வீடியோவில் பதில் இல்லை, இருக்கவும் முடியாது. சேமித்து வைத்த இருநூறு வீடியோக்களில் அன்று பார்த்த அந்த ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் பாதிச் சட்டையைத் தைத்து முடித்துவிடலாம். அதை வெளியிட்டவர் ஒருநாள் நீக்கிவிட்டால் அதுவும் போச்சு.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொன்று, கடையில் விற்கும் 'சாம்ப்ளர் கிட்'. துணியில் கோடு அச்சடித்திருக்கும், எந்த இடத்தில் எந்த நிறம் என்று எண் போட்டிருக்கும், நூலும் அளந்து வைத்திருக்கும். வாங்கிய ஆயிரம் பேரும் ஒரே துணியைச் செய்து முடிப்பார்கள். பொழுதுபோக்காகச் செய்வதில் தப்பில்லை. ஆனால் அதை 'என் தையல் கையேடு' என்று சொல்வது, அடுத்தவர் எழுதிய டைரியில் தன் பெயரைப் போட்டுக்கொள்வது மாதிரி.

தோடர்களுக்குச் சாம்ப்ளர் எதற்கு?

இன்னொரு மறுப்பும் வரலாம். நீலகிரித் தோடர் பெண்கள் கட்டியான வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். கோடு வரைவதில்லை, அச்சு வைப்பதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கோலம் வருகிறது. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் கையில் எந்த ரெக்கார்டும் இல்லையே, பிறகு எதற்கு இந்த மாதிரித் துணி?

சரிதான். ஆனால் அந்தப் பெண்கள் பிறந்ததிலிருந்து அம்மாவும் பாட்டியும் தைப்பதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு போர்வையும் அவர்களுக்கு மாதிரித் துணிதான். மறந்துவிட்டால் பக்கத்துத் தோளில் கிடப்பதைப் பார்த்தால் போதும். இரண்டு மாதச் சான்றிதழ் வகுப்பில் நாற்பது தையல் கற்று, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், மூன்று வருடம் கழித்து ஊசியை எடுக்கும் பெண்ணுக்கு அந்த வசதி கிடையாது. சுற்றி இருப்பவர்களின் நினைவு துணைக்கு இல்லாத இடத்தில்தான் துணியில் எழுதி வைக்கும் நினைவு வேண்டியிருக்கிறது.

அப்படியானால் எப்படிச் செய்வது?

செலவு பெரிதாக ஒன்றும் இல்லை. செய்யும் முறையும் எளிது.

1. காடா அல்லது கேஸ்மென்ட் துணியில் ஒரு சாண் அகலம், ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளம். முதலில் துவைத்துக் காய வைக்க வேண்டும். கஞ்சியும் போகும், சுருங்குவதும் சுருங்கிவிடும். ஓரங்களை மடித்துத் தைத்துக்கொள்ளலாம். இடம் தீர்ந்துவிட்டால் கீழே இன்னொரு துண்டை இணைத்துக்கொண்டே போகலாம். முடிவே இல்லாத துணி இது.

2. பாடத்திட்ட வரிசையில் போட வேண்டாம். வேலையை வைத்துப் பிரிக்கலாம். கோடு போட உதவுபவை ஓரிடம், உள்ளே நிரப்ப உதவுபவை ஓரிடம், ஓரம் கட்ட, இரண்டு துணியை இணைக்க, முடிச்சுகள் என்று தனித்தனி இடம். தேடும்போது பெயர் நினைவுக்கு வராது, தேவைதான் நினைவுக்கு வரும்.

3. ஒவ்வொரு தையலையும் மூன்று விதமாகப் போட வேண்டும்: நேராக, வளைவாக, மூலை திரும்பி. கடையில் கிடைக்கும் பூவேலை நூல் ஆறு இழையாக வரும். ஒரு இழை, மூன்று இழை, ஆறு இழை மூன்றிலும் ஒரு விரற்கடை போட்டுப் பார்த்தால் அந்தத் தையலின் குணம் முழுக்கத் தெரிந்துவிடும்.

4. காம்புத் தையலில் நூலை ஊசிக்குக் கீழே வைத்து ஒரு வரிசை, மேலே வைத்து ஒரு வரிசை. ஒன்று கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வரும், மற்றது மெலிந்து வழவழப்பாக வரும். இப்படிச் சின்ன வித்தியாசங்களுக்காகவே இந்தத் துணி.

5. சொதப்பியதைப் பிரிக்க வேண்டாம். பக்கத்திலேயே சரியானதைப் போட்டால் போதும். எங்கே தவறும் என்று தெரிவதும் பாடம்தான்.

6. துணியில் பேனாவால் எழுதினால் துவைக்கும்போது மை பரவும். ஒவ்வொரு மாதிரிக்கும் பக்கத்தில் பின் தையலால் ஓர் எண் மட்டும் போட்டு, அதே எண்ணில் ஒரு சின்ன நோட்டில் நூலின் பெயர், நிற எண், இழை, எடுத்த நேரம் எல்லாம் குறித்துக்கொள்ளலாம். நோட்டு வேண்டாம் என்பதல்ல வாதம், துணியை அதில் ஒட்ட வேண்டாம் என்பதுதான்.

7. முடிந்தவரை துவைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு, மெரூன், கறுப்பு நூல்கள் வெள்ளையில் இறங்குகின்றனவா என்று வாடிக்கையாளரின் பட்டு ஜாக்கெட்டில் தெரிந்துகொள்வதைவிட, சொந்தத் துணியில் தெரிந்துகொள்வது மலிவு.

ஆரி வேலை செய்பவர்களும் இதையே செய்யலாம். கொக்கி ஊசியில் வரும் சங்கிலியும், சாதாரண ஊசியில் வரும் சங்கிலியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், எதற்கு எது என்று கேட்பவரிடமே விரித்துக் காட்டிவிடலாம்.

நேரம் எதற்கு? கூலிக்காக!

ஆறாவது குறிப்பில் 'எடுத்த நேரம்' என்று ஒன்று வந்தது. அதுதான் இவ்வளவு பேச்சுக்கும் காரணம்.

தமிழ்நாட்டில் வீட்டில் உட்கார்ந்து பிளவுஸுக்குப் பூவேலையும் ஆரி வேலையும் செய்து கொடுக்கும் பெண்கள் ஏராளம். வாடிக்கையாளர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும், எவ்வளவு ஆகும்?" என்று கேட்பார். கூலி சொல்ல வேண்டியவருக்கோ எவ்வளவு நேரம் ஆகும் என்றே தெரியாது. பக்கத்துத் தெருவில் என்ன வாங்குகிறார்கள் என்று யோசித்து, அதிலும் ஐம்பது ரூபாய் குறைத்து ஒரு தொகை சொல்லிவிடுவார். பிறகு இரவு ஒரு மணி வரை கண் விழித்து முடித்துக் கொடுப்பார். கணக்குப் பார்த்தால் மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

இதே பெண்ணிடம் நேரம் குறித்த மாதிரித் துணி இருந்தால்? 10 சென்டிமீட்டர் கரைக்கு 25 நிமிடம் ஆனது என்று குறித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழுத்துச் சுற்று 70 சென்டிமீட்டர் என்றால் 175 நிமிடம், ஏறக்குறைய மூன்று மணி நேரம். இரண்டு கைக்கும் 30, 30 சென்டிமீட்டர் என்றால் இன்னும் இரண்டரை மணி நேரம். ஆக, ஐந்தரை மணி நேர வேலை. இப்போது கூலி சொல்வது ஊகமல்ல, கணக்கு. "இந்தக் கரை வேண்டாம்னா இதோ, இது பாதி நேரத்துல முடியும், கூலியும் பாதிதான்" என்று அடுத்த மாதிரியைக் காட்டவும் முடியும். பேரம் பேச வந்தவர் துணியைத் தொட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

கைவேலை செய்யும் பெண்ணுக்குத் தன் வேலையின் அளவு தெரியாமல் இருப்பதில் லாபம் யாருக்கு? வேலை கொடுப்பவருக்கும் இடைத்தரகருக்கும்தான். தன் தையல்களைத் தானே அளந்து வைத்திருப்பவரிடம் அவர்கள் வாய்க்கு வந்த தொகையைச் சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்கு

ரெக்கார்டு நோட்டை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. பாடத்திட்டம், விதிமுறை, பரீட்சை எல்லாம் இருக்கிறது. ஆனால் சில காரியங்களை நாளைக்கே செய்யலாம். பசைக்குப் பதிலாக மேல் ஓரத்தில் மட்டும் இரண்டு தையல் போட்டுத் தொங்கவிடச் சொல்லலாம், திருப்பிப் பார்க்க வசதியாக இருக்கும். பின்பக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று முதல் நாளே சொல்லலாம். மூன்று வருடப் படிப்பானால் ஒரே துணியை மூன்று வருடமும் வளர்க்கச் சொல்லலாம். சரியாக வராத ஒரு மாதிரியையும், அது ஏன் வரவில்லை என்ற ஒரு வரிக் குறிப்பையும் கட்டாயமாக்கலாம். காசு கொடுத்து வாங்கும் கடைகளில் அந்தக் குறிப்பு கிடைக்காது!

படித்து முடித்தவர்கள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒன்றரை மீட்டர் காடாத் துணி, ஒரு ஊசி, வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் நூல்கள். பரணில் பழைய ரெக்கார்டு நோட்டு இன்னும் இருந்தால் அதையும் எடுங்கள். ஒட்டிய துணிகளை ஈரத்துணியால் நனைத்து, பசையை ஊற வைத்து மெதுவாக உரித்து, வரிசையாகப் புதுத் துணியில் மேல் ஓரத்தை மட்டும் பிடித்துத் தைத்துவிடுங்கள். அத்தனை வருடமாகப் பசைக்கு அடியில் கிடந்த பின்பக்கம் அப்போதுதான் முதல்முறையாகக் கண்ணில் படும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.